உறங்கிப்போகும் சுரப்பி: ஸ்டீராய்டு மாத்திரையை ஏன் திடீரென நிறுத்தக்கூடாது?

ஆஸ்துமா, லூபஸ், முடக்குவாதம் போன்ற நோய்களில் ஒன்று உங்கள் குடும்பத்தில் யாருக்காவது இருந்தால், ‘பிரெட்னிசோலோன்’ என்ற சிறிய மாத்திரையை நீங்கள் பார்த்திருக்கலாம். இது ஸ்டீராய்டு வகை மருந்து. இதைத் தரும்போது மருந்தாளர் வழக்கமாக மூன்று விஷயங்களைச் சொல்வார். காலையில் சாப்பிடுங்கள். உணவுக்குப் பிறகு சாப்பிடுங்கள். மருத்துவரைக் கேட்காமல் நிறுத்தாதீர்கள்.

இவற்றில் மூன்றாவதைத்தான் பலர் மீறுகிறார்கள். வலி குறைந்துவிட்டது, முகம் உப்புகிறது, உடல் எடை கூடுகிறது என்று தாங்களாகவே மாத்திரையை நிறுத்திவிடுகிறார்கள். சில சமயம் அது உயிருக்கே ஆபத்தாக முடிகிறது. ஏன் என்று புரிந்துகொள்ள, நம் உடலில் உள்ள இரண்டு சிறிய சுரப்பிகளைப் பற்றித் தெரிந்துகொள்ள வேண்டும்.

அழற்சி நண்பனா, எதிரியா?

பள்ளித் திடலில் விழுந்து முழங்காலில் சிராய்ப்பு ஏற்பட்டால் என்ன ஆகிறது? அந்த இடம் சிவக்கிறது, வீங்குகிறது, சூடாகிறது, வலிக்கிறது. இதுதான் அழற்சி. கிருமிகளை அழிக்கவும் காயத்தை ஆற்றவும் நோய் எதிர்ப்பு மண்டலம் செய்யும் வேலை இது. காயம் ஆறியதும் அழற்சியும் அடங்கிவிடும்.

சிலருக்கு அது அடங்குவதில்லை. எதிர்ப்பு மண்டலம் சொந்த உடலையே எதிரியாக நினைத்துத் தாக்கத் தொடங்குகிறது. முடக்குவாதத்தில் மூட்டுகளும், கிரோன் நோயில் குடலும் பாதிக்கப்படுகின்றன. லூபஸ் நோயில் தோல், மூட்டு, சிறுநீரகம் எனப் பல உறுப்புகள் பாதிக்கப்படலாம். இவையெல்லாம் நாள்பட்ட அழற்சி நோய்கள். பல ஆண்டுகள், சிலருக்கு வாழ்நாள் முழுவதும்கூட, இவற்றோடு வாழ வேண்டியிருக்கும்.

சிறுநீரகத்தின் மேல் ஒரு தொப்பி

ஒவ்வொரு சிறுநீரகத்தின் மேலும் தொப்பி போல ஒரு சுரப்பி அமர்ந்திருக்கிறது. அதன் பெயர் அட்ரினல் சுரப்பி. எடை ஏறத்தாழ 5 கிராம்தான். அதன் உட்பகுதி சுரக்கும் அட்ரினலின் உங்களுக்குத் தெரிந்ததே. நாய் துரத்தும்போது நெஞ்சைப் படபடக்க வைப்பது அதுதான்.

நமக்கு இன்று முக்கியமானது வெளிப்பகுதி. அது சுரக்கும் ஹார்மோன்களில் இரண்டை நினைவில் வையுங்கள். முதலாவது கோர்ட்டிசோல். இரத்தத்தில் சர்க்கரை குறைந்துவிடாமல் பார்த்துக்கொள்கிறது. இரத்த அழுத்தத்தைத் தாங்கிப் பிடிக்கிறது. எதிர்ப்பு மண்டலம் எல்லை மீறாமல் அடக்குகிறது. இரண்டாவது அல்டோஸ்டிரோன். உடலில் உப்பைச் சேமித்து, பொட்டாசியத்தைச் சிறுநீரில் வெளியேற்றுகிறது.

கோர்ட்டிசோல் நாள் முழுவதும் ஒரே அளவில் சுரப்பதில்லை. விடியலுக்கு முன்பே ஏறத் தொடங்கி, நாம் கண்விழிக்கும் நேரத்தில் உச்சத்தைத் தொடுகிறது. நள்ளிரவை ஒட்டி மிகவும் குறைந்துவிடுகிறது. மருந்தாளர் சொன்ன முதல் விஷயத்துக்கு இதுவே காரணம். ஸ்டீராய்டு மாத்திரையைக் காலையில் சாப்பிட்டால் அது உடலின் இயற்கைத் தாளத்தோடு ஒத்துப்போகும். இரவில் சாப்பிட்டால் தூக்கம் கெடும்.

1948ல் ஒரு திருப்பம்

அமெரிக்காவின் மேயோ மருத்துவமனையில் பணியாற்றிய பிலிப் ஹென்ச் என்ற மருத்துவர் ஒரு விந்தையைக் கவனித்திருந்தார். முடக்குவாத நோயாளிகளுக்கு மஞ்சள்காமாலை வந்தாலோ, அவர்கள் கருவுற்றாலோ மூட்டுவலி தற்காலிகமாகக் குறைந்தது. உடலிலேயே ஏதோ ஒரு பொருள் இதைச் செய்கிறது என்று அவர் ஊகித்தார். அதே நிறுவனத்தில் எட்வர்ட் கெண்டல் என்ற வேதியியலாளர் அட்ரினல் சுரப்பியிலிருந்து பல பொருள்களைப் பிரித்தெடுத்திருந்தார். அவற்றில் ஒன்றை 1948ல் கடுமையான முடக்குவாதம் கொண்ட ஒரு நோயாளிக்குச் செலுத்தினார்கள். அதுதான் கோர்ட்டிசோன். நடக்கவே சிரமப்பட்ட அவர் சில நாள்களில் எழுந்து நடந்தார்.

ஹென்ச், கெண்டல் இருவருக்கும், சுவிட்சர்லாந்தில் இதே ஹார்மோன்களை ஆராய்ந்த டேடஸ் ரைக்ஸ்டைனுக்கும் 1950ல் நோபல் பரிசு கிடைத்தது. ஆனால் அதிக அளவில் நீண்ட காலம் கொடுத்தால் பக்கவிளைவுகள் வரும் என்பதும், நிறுத்தினால் நோய் திரும்பிவிடும் என்பதும் விரைவிலேயே தெரியவந்தன. பிரெட்னிசோலோன் அந்தக் கோர்ட்டிசோனின் வழிவந்த மருந்துதான்.

சுரப்பி ஏன் உறங்குகிறது?

வீட்டுத் தண்ணீர்த் தொட்டியை நினைத்துப் பாருங்கள். உள்ளே ஒரு மிதவை இருக்கும். தண்ணீர் குறைந்தால் மிதவை இறங்கும், குழாய் திறக்கும். தொட்டி நிறைந்தால் மிதவை மேலேறும், குழாய் மூடிக்கொள்ளும்.

கோர்ட்டிசோலும் இப்படித்தான் கட்டுப்படுத்தப்படுகிறது. அளவு குறைந்தால் மூளையில் உள்ள ஹைப்போதலாமஸ், பிட்யூட்டரி சுரப்பிக்குச் செய்தி அனுப்பும். பிட்யூட்டரி, அட்ரினலுக்குக் கட்டளை அனுப்பும். அட்ரினல் கோர்ட்டிசோலைச் சுரக்கும். போதுமான அளவு வந்ததும் மூளை கட்டளையைக் குறைத்துக்கொள்ளும்.

இப்போது யாரோ ஒருவர் தினமும் வாளி வாளியாகத் தண்ணீரைத் தொட்டியில் ஊற்றுகிறார் என்று வைத்துக்கொள்வோம். மிதவை எப்போதும் மேலேயே இருக்கும். குழாய் திறக்கவே திறக்காது. பல மாதம் பயன்படாத குழாய் துருப்பிடித்துப் போகும். ஸ்டீராய்டு மாத்திரை செய்வதும் இதுவே.

கணக்கைப் பாருங்கள். ஆரோக்கியமான உடல் ஒரு நாளில் சுரக்கும் கோர்ட்டிசோலின் வேலையை ஏறத்தாழ 5 மில்லிகிராம் பிரெட்னிசோலோன் செய்துவிடும். கடும் அழற்சியை அடக்க 20, 40 மில்லிகிராம்கூடக் கொடுக்கப்படுவதுண்டு. சில வாரங்களுக்கு மேல் இது தொடர்ந்தால், ‘போதுமான அளவுக்கு மேலேயே இருக்கிறது’ என்று நினைக்கும் மூளை கட்டளை அனுப்புவதை நிறுத்திவிடும். வேலையில்லாத அட்ரினல் சுருங்கி உறங்கிப்போகும்.

அந்த நிலையில் மாத்திரையைத் திடீரென நிறுத்தினால் என்ன ஆகும்? வெளியிலிருந்து வந்த ஹார்மோனும் இல்லை. உள்ளே சுரப்பதும் இல்லை. கடும் சோர்வு, வாந்தி, வயிற்றுவலி, தலைச்சுற்றல், குழப்பம் ஏற்படலாம். இரத்த அழுத்தமும் சர்க்கரையும் ஆபத்தான அளவுக்குச் சரியலாம். இதற்கு ‘அட்ரினல் நெருக்கடி’ என்று பெயர். அதனால்தான் மருத்துவர்கள் மருந்தின் அளவைப் படிப்படியாக, வாரக்கணக்கில், சிலருக்கு மாதக்கணக்கில் குறைக்கிறார்கள். சுரப்பி மெல்லக் கண்விழிக்க அவகாசம் தருகிறார்கள்.

மருந்தைச் சரியாகச் சாப்பிடும்போதும் ஒரு எச்சரிக்கை தேவை. காய்ச்சல், விபத்து, அறுவை சிகிச்சை போன்ற வேளைகளில் ஆரோக்கியமான உடல் கூடுதலாகக் கோர்ட்டிசோல் சுரக்கும். உறங்கும் சுரப்பியால் அது முடியாது. ஆகவே அந்த நாள்களில் அளவை எப்படிக் கூட்டுவது என்று மருத்துவரிடம் முன்கூட்டியே கேட்டு எழுதி வைத்துக்கொள்ள வேண்டும். வாந்தியினால் மாத்திரை உடலில் தங்கவில்லை என்றால் காத்திருக்கக்கூடாது. உடனே மருத்துவமனைக்குச் சென்று, ‘இவர் நீண்ட காலமாக ஸ்டீராய்டு சாப்பிடுகிறார்’ என்று முதலிலேயே சொல்லுங்கள்.

ஆஸ்துமா உள்ள மாணவர்கள் இதைப் படித்துப் பயப்பட வேண்டாம். தடுப்பு இன்ஹேலரில் உள்ள ஸ்டீராய்டின் அளவு மிகக் குறைவு. பெரும்பாலும் நுரையீரலில்தான் வேலை செய்கிறது. ஆஸ்துமா திடீரென மோசமாகும்போது சில நாள்களுக்கு மட்டும் தரப்படும் மாத்திரையும் பொதுவாகச் சுரப்பியை உறங்க வைப்பதில்லை. ஆனாலும் எதையும் நீங்களாக நிறுத்த வேண்டாம்.

தட்டில் என்ன இருக்க வேண்டும்?

உணவுக்குப் பிறகு சாப்பிடச் சொல்வது வயிற்றுப் புண்ணையும் எரிச்சலையும் தவிர்க்க. ஆனால் நீண்ட காலம் ஸ்டீராய்டு சாப்பிடுபவருக்கு எந்த உணவு என்பதும் முக்கியம். ஏனெனில் கோர்ட்டிசோல் செய்யும் எல்லா வேலைகளையும் இம்மருந்து அளவுக்கு மீறிச் செய்கிறது.

சர்க்கரை: கல்லீரல் கூடுதலாகச் சர்க்கரையை வெளிவிடுவதால் இரத்தச் சர்க்கரை ஏறும். பசியும் அதிகரிக்கும். தே தாரிக், சுவை பானங்கள், கேக் ஆகியவற்றைக் குறைத்து, தவிடு நீக்காத தானியம், பருப்பு, காய்கறிகளை நிறையச் சேர்க்கலாம்.

உப்பு: உடல் உப்பையும் நீரையும் தேக்கி வைக்கும், இரத்த அழுத்தம் கூடும். பெரியவர்களுக்கு நாளொன்றுக்கு 5 கிராமுக்கும் குறைவான உப்பே போதும் என்கிறது உலகச் சுகாதார நிறுவனம். அது ஒரு தேக்கரண்டி அளவுதான். உடனடி மீ பொட்டலத்தில் வரும் மசாலாத்தூள், சோயா சாஸ், கருவாடு, ஊறுகாய் ஆகியவற்றில் உப்பு மிக அதிகம்.

சுண்ணாம்புச் சத்து: குடல் சுண்ணாம்புச் சத்தை உறிஞ்சுவதை ஸ்டீராய்டு குறைக்கிறது, எலும்பு கட்டும் செல்களையும் தளர வைக்கிறது. வளரும் வயதில் இது பெரிய இழப்பு. பதின்ம வயதினருக்கு நாளொன்றுக்கு ஏறத்தாழ 1,300 மில்லிகிராம் சுண்ணாம்புச் சத்து தேவை. ஒரு குவளைப் பாலில் சுமார் 240 மில்லிகிராம் உண்டு. 100 கிராம் கேழ்வரகில் 350 மில்லிகிராம் அளவுக்கு உண்டு. தயிர், தவுஃபூ, முருங்கைக் கீரை ஆகியவையும் கைகொடுக்கும். வைட்டமின் ‘டி’யும் வேண்டும்.

புரதம்: தசைகள் கரைவதைத் தடுக்க மீன், கோழி, பருப்பு, முட்டை தேவை. ஆனால் மருந்தால் எதிர்ப்புச் சக்தி குறைந்திருக்கும் என்பதால், கோப்பிக் கடையின் அரைவேக்காட்டு முட்டையை விட்டுவிட்டு நன்றாக வெந்ததைச் சாப்பிடுவது நல்லது.

பொட்டாசியம்: மருந்தால் இது குறையலாம். வாழைப்பழமும் இளநீரும் அதை ஈடுசெய்யும். ஆனால் லூபஸால் சிறுநீரகம் பாதிக்கப்பட்டிருந்தால் பொட்டாசியம் அளவுக்கு மீறித் தேங்கலாம். மருத்துவரைக் கேட்டே முடிவு செய்ய வேண்டும்.

தைப்பூசத்துக்கோ வேறு வழிபாட்டுக்கோ விரதம் இருக்க விரும்பினால், மாத்திரையை எப்படிச் சாப்பிடுவது என்று முன்கூட்டியே மருத்துவரிடம் கேளுங்கள். விரதத்துக்காக மருந்தை விடக்கூடாது.

எல்லாருக்கும் ஒரே உணவு முறையா?

இல்லை. லண்டன் மருத்துவர் தாமஸ் அடிசன் 1855ல் விவரித்த ஒரு நோயில் அட்ரினலே சிதைந்துபோகிறது. அங்கே கோர்ட்டிசோலுடன் அல்டோஸ்டிரோனும் குறைந்துவிடுவதால் உடல் உப்பை இழந்துகொண்டே இருக்கும். நோயாளிக்கு உப்பு மீது தீராத ஆசை வரும். அவர் உப்பைக் குறைப்பது ஆபத்து. அமெரிக்க அதிபர் ஜான் கென்னடிக்கு இந்நோய் இருந்தது.

மாத்திரையால் சுரப்பி உறங்கிப்போனவருக்கோ அல்டோஸ்டிரோன் வழக்கம்போல் சுரக்கும். அதைப் பெரும்பாலும் சிறுநீரகமே கட்டுப்படுத்துகிறது. பிட்யூட்டரியின் கட்டளைக்கு அது அவ்வளவாகக் காத்திருப்பதில்லை. ஆக, ஒரே சுரப்பியில் கோளாறு; உப்பைப் பற்றி மட்டும் இரண்டு எதிரெதிர் அறிவுரைகள்! ‘அட்ரினலுக்கு இது நல்லது’ என்று பொதுவாகப் பரவும் செய்திகளை நம்ப முடியாததற்கு இதைவிட நல்ல சான்று வேண்டாம்.

நாட்டு மருந்திலும் சீன மருந்திலும் பயன்படும் அதிமதுரத்திலும் கவனம் தேவை. அதிலுள்ள கிளிசிரைசின் என்ற பொருள், சிறுநீரகத்தில் கோர்ட்டிசோலைச் செயலிழக்கச் செய்யும் நொதியைத் தடுக்கிறது. அதிகமாகச் சாப்பிட்டால் இரத்த அழுத்தம் ஏறும், பொட்டாசியம் இறங்கும். ஸ்டீராய்டு சாப்பிடுபவருக்கு இது இரட்டைச் சுமை.

மறைந்திருக்கும் ஸ்டீராய்டு

மூட்டுவலிக்கு என்று விற்கப்படும் சில ஜாமு மருந்துகளிலும் மூலிகைக் குளிகைகளிலும் டெக்ஸாமெத்தசோன் என்ற ஸ்டீராய்டு திருட்டுத்தனமாகக் கலக்கப்பட்டிருப்பதாக மலேசியச் சுகாதார அமைச்சும் சிங்கப்பூர்ச் சுகாதார அறிவியல் ஆணையமும் பல முறை எச்சரித்துள்ளன. ஒரு மில்லிகிராமுக்கும் குறைவான டெக்ஸாமெத்தசோன், 5 மில்லிகிராம் பிரெட்னிசோலோனுக்குச் சமம்.

வலி இரண்டே நாளில் மறையும். தாத்தாவும் பாட்டியும் ‘இயற்கை மருந்து’ என்று மாதக்கணக்கில் சாப்பிடுவார்கள். சுரப்பி உறங்கிவிடும். மருந்து தீர்ந்ததும் மயங்கி விழுவார்கள். காரணம் யாருக்கும் புரியாது. மலேசியாவில் பதிவு பெற்ற மருந்தில் எம்.ஏ.எல். என்று தொடங்கும் எண்ணும் ஒளிமுத்திரை ஒட்டுவில்லையும் இருக்கும். ஆனால் அவையும் போலியாக இருக்கக்கூடும் என்பதால் பதிவு எண்ணை இணையத்தில் சரிபார்ப்பது நல்லது. அப்படி ஒரு மருந்தைப் பல வாரங்களாகச் சாப்பிட்டவர், பயந்து உடனே நிறுத்திவிடாமல் அந்தப் பொட்டலத்தோடு விரைவாக மருத்துவரிடம் செல்ல வேண்டும்.

நினைவில் கொள்ளுங்கள்

• நீண்ட நாள் சாப்பிடும் ஸ்டீராய்டைத் திடீரென நிறுத்தக்கூடாது.
• மருந்தின் பெயரையும் அளவையும் எழுதிய அட்டையைப் பணப்பையில் வைத்திருக்க வேண்டும்.
• வாந்தி, மயக்கம், குழப்பம் வந்தால் மலேசியாவில் 999, சிங்கப்பூரில் 995 என்ற எண்ணை அழையுங்கள்.
• உப்பு, சர்க்கரை குறைவாக. சுண்ணாம்புச் சத்து, புரதம் போதுமானதாக.

இன்னும் ஒன்று. இம்மருந்தைச் சாப்பிடுபவரின் முகம் நிலவைப் போல வட்டமாகலாம், எடை கூடலாம். உங்கள் வகுப்பில் அப்படி ஒரு மாணவர் இருந்தால் கேலி செய்யாதீர்கள். கேலிக்குப் பயந்து மாத்திரையை ஒளித்துவைப்பவர்களும் உண்டு. அதனால் என்ன ஆபத்து வரும் என்பது இப்போது உங்களுக்குத் தெரியும்.