தடித்த எழுத்தும் சுழியின் வெளியும்

அச்செழுத்துக்களுள் நீண்ட நூலைப் படித்தற்கு உரியவை சில. தொலைவில் நிற்பாரின் கண்ணைப் பற்றுதற்கு உரியவை சில. பின்னவற்றுள் புகழ் மிக்கது, சிக்காகோ நகரத்து ஒசுவால்டு கூப்பர் வரைந்து 1922-இல் வெளிவந்த ‘கூப்பர் பிளாக்’. பருத்த உடலும் மழுங்கிய முனையும் அதற்கொரு குழந்தைக் களையைத் தந்தன. 1966-இல் வெளிவந்த பீச் பாய்ஸ் குழுவினரின் ‘பெட் சவுண்ட்ஸ்’ இசைத்தட்டின் உறையிலும் அதுவே விளங்கிற்று.

இவ்வியல்பைத் தமிழுக்குக் கொணர்தல் எளிதன்று. ஆங்கில எழுத்திற் பெரும்பாலும் ஓர் உள்வெளியே உண்டு. நமக்கோ னகரத்திற்கு இரு சுழி, ணகரத்திற்கு மூன்று. தடிப்பு மிகுந்து சுழிகள் அடைபட்டால் மண அழைப்பு மன அழைப்பாகிவிடும்! புள்ளி எழுத்தோடு ஒட்டின் மெய்யும் உயிர்மெய்யாய்த் தோன்றும். கந்தப்பளைப் பனிமூட்டத்தினூடே பாடசாலை அறிவித்தலை எழுத்துக்கூட்டிப் படிக்கும் சிறுவனுக்கு இது சிறு இடர் அன்று.

மும்பையின் ‘ஏக் டைப்’ குழுவினர் ஆக்கிய ‘பலூ தம்பி’, பெயரிலேயே கரடியை நினைவூட்டுவது, உடலும் அத்தகையதே. ஆயினும், பெரிதாக அமைக்குங்கால் சுழிகளுள் வெளிச்சம் எஞ்சுகின்றது. கட்டணமின்றிக் கிடைப்பதால் சிறு பாடசாலைக்கும் எட்டும். விழாத் தலைப்பில் ஓரிரு சொற்களை அதில் அமைத்து, நாளையும் இடத்தையும் மெல்லெழுத்தில் இடுதல் நன்று. பக்கம் முழுதும் அதுவே எனின், சோற்றுக்குப் பதில் பாயசம் பரிமாறியது போலாம். மரண அறிவித்தலுக்கோ அது அறவே ஆகாது.