மண்ணும் நீரும் பள்ளிப் பாடமாக வேண்டும்

மழைநீரை ஏன் சேமிக்க வேண்டும் என்று ஐந்தாம் வகுப்புப் பிள்ளையிடம் கேட்டால் புத்தகத்தில் உள்ள விடையைத் தடையின்றிச் சொல்லிவிடும். உங்கள் தோட்டத்துக் கிணற்றில் தண்ணீர் எத்தனை அடியில் நிற்கிறது, சென்ற மாதத்தைவிட ஏறியிருக்கிறதா, இறங்கியிருக்கிறதா என்று கேட்டால் விழிக்கும். வீட்டுப் பெரியவர்களும் இதைக் குறித்து வைப்பது அரிது. கிணறு வற்றிய பிறகுதான் நீர் குறைந்தது நமக்குத் தெரிகிறது. அதற்குள் பயிர் பூக்கும் தருணத்திற்கு வந்துவிடுகிறது. ஆழ்துளைக் கிணறு போடக் கடன் தேடி அலைய வேண்டியிருக்கிறது.

நிறைய நிலம் உடையவர் ஒரு கிணறு போனால் இன்னொன்று போடுவார். இரண்டு ஏக்கர் வைத்திருப்பவரால் அது இயலாது. ஆகவே மண்ணையும் நீரையும் கெடாமல் காத்து, இன்று நமக்கு விளையும் நிலம் நாளை நம் பிள்ளைகளுக்கும் விளையும்படி செய்யும் நீடித்த வேளாண்மை, சிறு விவசாயிக்குத்தான் முதல் தேவை. அந்த அறிவு பள்ளியிலேயே பிள்ளைகளுக்குக் கிடைக்க வேண்டும். அதற்குப் பாடம் எப்படி அமைய வேண்டும், ஆசிரியருக்கு எத்தகைய பயிற்சி வேண்டும், பெற்றோராகிய உழவர் பெருமக்கள் என்ன செய்யலாம் என்பதை இங்கே காண்போம்.

பாடம் இருக்கிறது, பயன் இல்லை

சுற்றுச்சூழல் பற்றிய பாடம் நம் பள்ளிகளுக்குப் புதிதல்ல. 1986-ஆம் ஆண்டின் தேசியக் கல்விக் கொள்கை, சுற்றுச்சூழல் பாதுகாப்பை எல்லா வகுப்புகளிலும் இடம்பெற வேண்டிய பொருளாகச் சேர்த்தது. 1991-ல் உச்ச நீதிமன்றமும் இதைக் கட்டாயப் பாடமாக்க வேண்டும் என்று தீர்ப்பளித்தது. அதன்படி பாடங்கள் எழுதப்பட்டன. பசுமைப் படை என்ற பெயரில் பள்ளிகளில் மாணவர் மன்றங்களும் அமைக்கப்பட்டன.

ஆனால் பெரும்பாலான பாடங்கள் புத்தகத்தில் தொடங்கித் தேர்வுத் தாளில் முடிந்துவிடுகின்றன. மண் அரிப்பு என்றால் என்ன என்று இரண்டு மதிப்பெண் கேள்வி வருகிறது. பள்ளிக்கு எதிரே உள்ள வரப்பில் மழைக்குப் பின் மண் கரைந்து ஓடியிருப்பதைப் போய்ப் பார்க்க நேரம் ஒதுக்கப்படுவதில்லை. அருகில் இருப்பதை விட்டுவிட்டு எங்கோ இருப்பதைப் படிப்பதால் பாடம் மனத்தில் தங்குவதில்லை.

பழைய முயற்சிகள் கற்பிப்பது

தொழில் வழியே கல்வி கற்பிக்கும் முயற்சி நம் நாட்டில் முன்பே நடந்திருக்கிறது. 1937-ல் வார்தாவில் கூடிய மாநாட்டில் காந்தியடிகள் ஆதாரக் கல்வியை முன்வைத்தார். நூற்பு, நெசவு, தச்சு, வேளாண்மை போன்ற ஒரு தொழிலை மையமாகக் கொண்டு கணக்கு, மொழி, அறிவியல் எல்லாவற்றையும் கற்பிப்பது அதன் நோக்கம். பின்னர் பல ஊர்களில் ஆதாரப் பள்ளிகள் தோன்றின. ஆயினும் தொழிலையும் பாடத்தையும் இணைத்துக் கற்பிக்கத் தேர்ந்த ஆசிரியர்கள் போதிய அளவில் இல்லாத இடங்களில் தக்ளி ஒரு பக்கமும் புத்தகம் ஒரு பக்கமுமாகப் பிரிந்து நின்றன.

1953-ல் சென்னை மாகாணத்தில் ராஜாஜி அரசு கொண்டுவந்த திட்டம் வேறு வகையானது. கிராமப்புறத் தொடக்கப் பள்ளிகளில் பள்ளி நேரத்தைக் குறைத்து, மீதி நேரத்தில் பிள்ளைகள் பெற்றோரின் தொழிலைக் கற்க வேண்டும் என்றது அது. குலக்கல்வித் திட்டம் என்று மக்கள் அதை எதிர்த்தார்கள். 1954-ல் முதலமைச்சரான காமராசர் அதைக் கைவிட்டார்.

பள்ளியில் வேளாண்மை என்றவுடன் பல பெற்றோர் தயங்குவதற்குக் காரணம் இந்த அனுபவம்தான். "நாங்கள் பட்ட பாடு போதும். எங்கள் பிள்ளையும் மண்வெட்டி பிடிக்கவா பள்ளிக்கு அனுப்புகிறோம்?" என்று அவர்கள் கேட்பது நியாயமான கேள்வி. ஆகவே இரண்டு விதிகளில் உறுதியாக இருக்க வேண்டும். ஒன்று, படிப்பு நேரத்தில் ஒரு மணி கூடக் குறையக் கூடாது. வயல் என்பது கணக்குக்கும் அறிவியலுக்கும் உரிய சோதனைச் சாலையாக அமைய வேண்டும். மற்றொன்று, இந்தப் பாடம் உழவர் பிள்ளைக்கு மட்டும் என்று இருக்கக் கூடாது. சென்னையில் வளரும் பிள்ளையும் சோறு உண்கிறது, தண்ணீர் குடிக்கிறது. அதற்கும் இது பாடமே. இவ்வாறு படித்த பிள்ளை பின்னாளில் மருத்துவராகலாம், பொறியாளராகலாம், நல்ல விவசாயியுமாகலாம்.

பருவத்தை ஒட்டிப் பாடம்

நம் பள்ளி ஆண்டு ஜூனில் தொடங்கி ஏப்ரலில் முடிகிறது. உழவர் ஆண்டும் ஏறக்குறைய அதை ஒட்டியே செல்கிறது. எந்த மாதத்தில் வயலில் என்ன நடக்கிறதோ அந்த மாதத்தில் அதைப் பாடமாக வைத்தால் தனியாகச் செலவு எதுவும் தேவையில்லை.

ஜூன், ஜூலை மாதங்களில் விதை: ஆடிப்பட்டத்திற்கு வைத்திருக்கும் விதையில் 100 எண்ணி எடுத்து ஈரச் சாக்கில் பரப்பிச் சுருட்டி வைத்து, காயாமல் நீர் தெளித்து வர வேண்டும். உளுந்து ஒரு வாரத்திலும் நெல் இரண்டு வாரத்திற்குள்ளும் விடை சொல்லிவிடும். நெல்லில் 100-க்கு 80, உளுந்தில் 100-க்கு 75 விதைகளாவது முளைக்க வேண்டும் என்பது சான்று விதைக்கு வகுத்துள்ள தரம். அதற்குக் குறைந்தால் விதையை மாற்றுவது நல்லது. சதவீதக் கணக்கைக் கற்பிக்க இதைவிட நல்ல வழி இல்லை.

ஆகஸ்ட், செப்டம்பர் மாதங்களில் மண்: கண்ணாடிப் புட்டியில் மூன்றில் ஒரு பங்கு மண்ணும் மீதி நீரும் விட்டு நன்றாகக் குலுக்கி வைத்தால், மணல் உடனே அடியில் தங்கும். வண்டல் சில மணி நேரத்தில் படியும். களி படிய ஒரு நாளுக்கு மேல் ஆகும். எது எத்தனை விரற்கடை என்று அளந்தால் மண்ணின் தன்மை தெரியும். அடுத்து, இருபுறமும் திறந்த டப்பாக்கள் இரண்டை எடுத்து, ஒன்றை மரத்தடியில் சருகு மூடிய மண்ணிலும் மற்றொன்றை மிதிபட்ட களத்திலும் இரண்டு அங்குலம் அழுத்தி, ஒவ்வொன்றிலும் ஒரு டம்ளர் நீர் ஊற்றலாம். எது முதலில் உறிஞ்சுகிறது என்று பார்த்த பிள்ளைக்கு மூடாக்கின் அருமையைத் தனியாக விளக்க வேண்டியதில்லை. வீட்டில் மண்வள அட்டை இருந்தால் அதையும் எடுத்து வரச் சொல்லலாம். அதில் அங்ககக் கரிமம் 0.5 சதவீதத்திற்குக் கீழ் இருந்தால் நிலத்தில் மட்கு குறைந்துவிட்டது என்று பொருள். தொழு உரமும் பசுந்தாள் உரமும் ஏன் வேண்டும் என்பது அங்கேயே விளங்கிவிடும்.

அக்டோபர் முதல் டிசம்பர் வரை மழை: தமிழ்நாட்டின் ஆண்டு மழையில் ஏறக்குறையப் பாதி இந்த மூன்று மாதங்களில் பெய்கிறது. பக்கங்கள் நேராக உள்ள டப்பா ஒன்றை மரமும் சுவரும் இல்லாத இடத்தில் வைத்து, நாள்தோறும் காலை எட்டரை மணிக்கு அளவுகோலால் அளந்து எழுதி வர வேண்டும். ஓர் ஏக்கரில் 1 மில்லிமீட்டர் மழை பெய்தால் சுமார் 4,000 லிட்டர் நீர் விழுகிறது. 25 மில்லிமீட்டர் என்றால் சுமார் 1 லட்சம் லிட்டர். வரப்பை உயர்த்தியவர் நிலத்தில் அது தங்கும். வரப்பு உடைந்தவர் நிலத்தில் மேல்மண்ணையும் சேர்த்து இழுத்துக்கொண்டு ஓடிவிடும்.

மழைக்காலம் முடிந்து ஜனவரி முதல் ஏப்ரல் வரை கிணறு: ஓர் அடிக்கு ஒரு முடிச்சுப் போட்ட கயிற்றின் நுனியில் கல்லைக் கட்டி, வாரந்தோறும் ஒரே கிழமையில், காலையில் மோட்டார் போடுவதற்கு முன் நீர்மட்டத்தை அளக்க வேண்டும். ஆழ்துளைக் கிணற்றில் மோட்டாரும் குழாயும் இறங்கியிருப்பதால் திறந்த கிணறே இதற்கு ஏற்றது. அளவுகளை வரைபடத் தாளில் குறித்து வந்தால், கோடு கீழே இறங்கும் வேகத்திலிருந்து கோடைப் பயிருக்கு நீர் போதுமா என்பது முன்கூட்டியே தெரிந்துவிடும்.

எட்டாம் வகுப்பில் நீர்க் கணக்கு

பெரிய வகுப்பு மாணவர்கள் இந்த அளவுகளை வைத்து முடிவு செய்யவும் பழக வேண்டும். நெல்லுக்குச் சுமார் 1,200 மில்லிமீட்டரும், நிலக்கடலைக்குச் சுமார் 500 மில்லிமீட்டரும், கேழ்வரகுக்குச் சுமார் 350 மில்லிமீட்டரும் நீர் தேவைப்படும். ஏக்கருக்குக் கணக்கிட்டால் நெல்லுக்கு 48 லட்சம் லிட்டர், கடலைக்கு 20 லட்சம் லிட்டர், கேழ்வரகுக்கு 14 லட்சம் லிட்டர் ஆகும். கிணற்றில் உள்ள நீருக்கு எதைப் பயிரிடலாம் என்பது வெறும் பெருக்கலும் கழித்தலும்தான்.

இது நடக்கக் கூடியதா என்ற ஐயம் எழலாம். ஒன்றுபட்ட ஆந்திரத்தின் வறட்சி மிகுந்த ஏழு மாவட்டங்களில் 2003-க்குப் பின் சில ஆண்டுகள் நடந்த நிலத்தடி நீர்த் திட்டத்தில், ஐக்கிய நாடுகள் உணவு வேளாண்மை நிறுவனத்தின் உதவியுடன் சாதாரண விவசாயிகளே மழையையும் கிணற்று நீரையும் அளந்தார்கள். ஊருக்கு எவ்வளவு நீர் இருக்கிறது என்று பொதுவில் கணக்குப் போட்டுப் பார்த்த பிறகே பயிரை முடிவு செய்தார்கள். பெரியவர்களுக்கு இயன்றது எட்டாம் வகுப்புப் பிள்ளைக்கும் இயலும்.

ஆசிரியர் முதலில் பயிர் செய்ய வேண்டும்

பாடம் எவ்வளவு நன்றாக அமைந்தாலும் அது ஆசிரியர் கையில்தான் இருக்கிறது. இன்று பல ஆசிரியர்களுக்குக் கிடைப்பது ஒரு நாள் பயிற்சி. காலையில் சொற்பொழிவு, மாலையில் சான்றிதழ். இதனால் புகையானுக்கும் பொறி வண்டுக்கும் வேறுபாடு தெரிந்துவிடாது.

இதற்கு இந்தோனேசியா நல்ல வழி காட்டியது. அங்கே பூச்சிமருந்தை மிகுதியாகத் தெளித்ததால் சிலந்தி போன்ற நன்மை செய்யும் உயிர்கள் மடிந்து, புகையான் பெருகி நெல்லை அழித்தது. 1986-ல் அந்நாட்டு அரசு 57 வகைப் பூச்சிமருந்துகளை நெல்லுக்குப் பயன்படுத்தத் தடை விதித்தது. 1989-ல் உழவர் வயல்வெளிப் பள்ளிகள் தொடங்கின. விவசாயிகள் வாரம் ஒரு முறை வயலில் கூடிப் பூச்சிகளை எண்ணி, படம் வரைந்து, தங்களுக்குள் பேசி முடிவெடுத்தார்கள். இதில் கவனிக்க வேண்டியது, அவர்களுக்குப் பயிற்சி தந்த அலுவலர்கள் முதலில் தாங்களே ஒரு பருவம் முழுவதும் நெல் பயிரிட்டுக் கற்றார்கள் என்பது. பின்னர் நம் நாட்டிலும் வயல்வெளிப் பள்ளிகள் நடந்துள்ளதை உழவர்கள் அறிவார்கள்.

பள்ளி ஆசிரியருக்கும் இதே முறை ஏற்றது. ஒன்றியத்திற்கு இருபது ஆசிரியர்கள், மாதம் ஒரு சனிக்கிழமை, ஒரே வயல், விதைப்பு முதல் அறுவடை வரை என்று அமைத்தால் போதும். இதற்கு வேளாண் அறிவியல் நிலையங்கள் உதவ முடியும். நாட்டின் முதல் நிலையம் 1974-ல் நம் பல்கலைக்கழகத்தின் பொறுப்பில் புதுச்சேரியில் தொடங்கியது. இன்று நாடெங்கும் 700-க்கு மேற்பட்ட நிலையங்கள் இருக்கின்றன. வேளாண் கல்லூரி இறுதியாண்டு மாணவர்களும் கிராமத் தங்கல் பயிற்சிக்கு ஊர்களுக்கு வருகிறார்கள். அவர்களையும் பள்ளிக்கு அழைத்துக்கொள்ளலாம்.

கவனிக்க வேண்டியவை

மருந்து தெளித்த வயலில் பிள்ளைகளை இறக்கக் கூடாது. வயல் பார்க்க வரும் தேதியை ஆசிரியருக்கு முன்பே சொல்லி, அதற்கு முந்தைய இரண்டு வாரமாவது தெளிக்காமல் இருப்பது நலம். கிணற்றில் கயிறு விடுவது பெரியவர் வேலை. பிள்ளைகள் தள்ளி நின்று அளவை எழுத வேண்டும். களை பறிப்பது, கதிர் அறுப்பது போன்ற வேலைகளைப் பாடம் என்ற பெயரில் பிள்ளைகளிடம் வாங்கக் கூடாது.

உழவர்கள் செய்ய வேண்டியது

அரசு ஆணை வரட்டும் என்று காத்திருக்க வேண்டியதில்லை. 2009-ஆம் ஆண்டின் கல்வி உரிமைச் சட்டப்படி அரசுப் பள்ளி ஒவ்வொன்றிலும் பள்ளி மேலாண்மைக் குழு இருக்க வேண்டும். அதில் நான்கில் மூன்று பங்கினர் பெற்றோர். பாதிப் பேர் பெண்கள். பள்ளி வளர்ச்சித் திட்டத்தைத் தயாரிப்பது இக்குழுவின் கடமை. மழைமானி ஒன்று, கிணற்றுப் பதிவேடு ஒன்று, மாதம் ஒரு வயல் வகுப்பு என்ற மூன்றையும் அத்திட்டத்தில் எழுதும்படி நீங்கள் கேட்கலாம்.

பள்ளிக்கு அருகில் நிலம் உள்ளவர்கள் தங்கள் வயலையும் கிணற்றையும் இந்த வகுப்புக்குத் திறந்துவிட வேண்டும். விதை நேர்த்தி, நாற்றங்கால், மாட்டு எரு மட்க வைத்தல் ஆகியவற்றில் கைதேர்ந்த ஆண்களும் பெண்களும் ஆசிரியருக்குத் துணையாக நின்று சொல்லித் தரலாம். பட்டம் பெறாத காரணத்தால் அந்த அறிவு குறைந்ததாகிவிடாது.

தமிழ்நாட்டில் உலகத் தண்ணீர் தினமான மார்ச் 22 அன்றும் கிராம சபை கூடுகிறது. பிள்ளைகள் எழுதிய மழைக் கணக்கையும் கிணற்றுக் கணக்கையும் அன்று சபையில் படிக்கச் செய்யுங்கள். ஏரியைத் தூர் வாருவதா, கோடையில் நெல் வேண்டாம் என்று முடிவு செய்வதா என்பதை ஊர் அந்தக் கணக்கை வைத்துப் பேசலாம். வருகிற ஜூனில் பள்ளி திறக்கும் நாளிலேயே ஒரு டப்பாவும் ஓர் அளவுகோலும் ஒரு நோட்டும் தயாராக இருக்கட்டும்.