கல்லில் பிறந்த சுவரொட்டிகள்

சுவரொட்டி என்பது சில நாள் நின்று, மழையில் நனைந்து, கிழிந்து மறைவதற்கென்றே அச்சிடப்படுவது. அதனைத் தேடிச் சேர்ப்போரும் உளர் என்பது சிலர்க்கு வியப்பளிக்கலாம். இருபதாம் நூற்றாண்டின் நடுப்பகுதியில் பாரிசு நகர ஓவியக் கண்காட்சிகளுக்காக உருவான கல்லச்சுச் சுவரொட்டிகளைக் கண்டோர்க்கு அவ்வியப்பு எழாது.

கல்லச்சு முறையைப் பவேரிய நாடகாசிரியரான செனபெல்டர், தம் நாடகங்களை மலிவாக அச்சிட வழி தேடுங்கால் 1796 அளவில் கண்டறிந்தார். எண்ணெயும் நீரும் ஒட்டா என்பதே இதன் அடிப்படை. வழவழப்பான சுண்ணாம்புக் கல்லின்மீது கொழுப்புக் கலந்த கோலால் வரைந்து, பிசினும் அமிலமும் பூசிப் பக்குவப்படுத்திப் பின் நீரால் நனைப்பர். மையுருளையை ஓட்டினால், வரைந்த இடம் மட்டுமே மையை ஏற்கும். ஈரமான இடம் விலக்கும். வண்ணத்திற்கு ஒரு கல் வேண்டும். கையின் அசைவு சிதையாமல் தாளில் இறங்குவதே இதன் தனிச்சிறப்பு. ஈய எழுத்துகளுள் எளிதில் அடங்காத அரபு எழுத்தின் வளைவுகளைக் கல் அப்படியே ஏற்றது. நம் முன்னோர் ஓதிய அரபுத்தமிழ் நூல்கள் பல கல்லச்சில் வெளிவந்தமைக்கு இதுவும் ஒரு காரணம் எனலாம்.

அப்பண்பே ஓவியரையும் ஈர்த்தது. பாரிசின் மூர்லோ அச்சகத்திற்குப் பிக்காசோ 1945ஆம் ஆண்டின் இறுதியில் வந்து கல்லில் வரையத் தொடங்கினார். மேக் கலைக்கூடத்தின் கண்காட்சிகளுக்காக மீரோ, கால்டர் முதலியோர் படைத்த சுவரொட்டிகள் இன்றும் பெரிதும் நாடப்படுகின்றன. (மீரோ தம்மை அருவ ஓவியர் என்று அழைப்பதை ஏற்றதில்லை, சேகரிப்போர் அதனைப் பொருட்படுத்துவதில்லை!)

வாங்குவோர் ஏமாறும் இடம் ஒன்றுண்டு. ஓவியரே கல்லில் வரைந்தது ஒருவகை. அவர்தம் ஓவியத்தைப் பார்த்து அச்சகக் கலைஞர் கல்லில் வரைந்தது மற்றொருவகை. இதனையும் இழிவென்று தள்ளுதல் தகாது. ஒளிப்படவழி ஆப்செட்டில் பெருக்கிய படியோ முற்றிலும் வேறு. உருப்பெருக்காடியால் நோக்கின் ஆப்செட்டில் ஒழுங்கான புள்ளி வரிசைகள் தோன்றும். கல்லச்சிலோ கோலின் ஒழுங்கற்ற மணற்பொறி போன்ற தடமும் திட்டுத்திட்டாய்ப் படிந்த மையும் புலப்படும். கையொப்பத்தை மட்டும் நம்புவது பேதைமை. அதனை அச்சிலும் ஏற்றலாம், பிறர் எழுதவும் கூடும்.

மற்றொன்றும் அறியத்தக்கது. மூர்லோ அச்சகச் சுவரொட்டிகளைச் சிறிதாக்கிக் கல்லச்சிலேயே பதித்த நூலொன்று 1959இல் வெளிவந்தது. அதன் ஏடுகளைப் பிரித்துச் சட்டமிட்டு மூலச் சுவரொட்டி என விற்போர் உளர். அவையும் கல்லச்சே ஆதலின் ஆடி உதவாது, அளவுகோலே உதவும். சுவரில் ஒட்டிய தாள் ஓரடி உயரத்தில் இருத்தல் அரிது.

வாங்கிய தாளை வெயில் படாத சுவரில், அமிலமற்ற அட்டையுடன் சட்டமிடுக. சட்டத்திற்குப் பொருந்துமாறு ஓரத்தை நறுக்குதல் கூடாது. நறுக்கிய தாளின் மதிப்புப் பெரிதும் குறையும்.