பழைய ஸ்விஃப்ட் வாங்கலாமா?

விலை, மைலேஜ், ஓட்டும் உற்சாகம் மூன்றும் கூடிவரும் பழைய கார் இந்தியச் சந்தையில் குறைவு. 2018இல் வந்த மூன்றாம் தலைமுறை மாருதி ஸ்விஃப்ட் அதற்கு நெருங்கி வருகிறது. பெட்ரோல் வண்டியின் எடை 900 கிலோவுக்கும் கீழே, 1.2 லிட்டர் எஞ்சின் தருவதோ சுமார் 83 குதிரைத்திறன். வளைவில் சுறுசுறுப்பாகத் திரும்புவதற்கும் எரிபொருள் மிச்சமாவதற்கும் இந்த எடைக்குறைவு முக்கியக் காரணம். லிட்டருக்கு 22 கி.மீ. என்பது சோதனைக்கூடக் கணக்கு. நகர நெரிசலில் அதை எதிர்பார்ப்பது பேராசை. குளோபல் என்கேப் மோதல் சோதனையில் இரண்டு நட்சத்திரமே பெற்றது பெரிய குறைதான்.

பார்க்கப் போகும்போது எஞ்சின் குளிர்ந்திருக்க வேண்டும். ஸ்டார்ட் செய்ததும் நீலப்புகை வந்தால் எஞ்சின் ஆயில் எரிகிறது. ஆர்.சி.யில் வங்கிக் கடன் பதிவாகியிருந்தால், தடையில்லாச் சான்று கைக்கு வராமல் முன்பணம் கொடுக்கக் கூடாது.