பூட்டு போட்டேன்... சாவி வாசல்லயே தொங்குச்சு!

"மச்சி... உன் பாஸ்வேர்டு 'மதுரை'தானே?"

கம்ப்யூட்டர் லேபில் பக்கத்து சீட் நண்பன் இப்படிக் கேட்டதும் எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. மூணு ராத்திரி கண் முழிச்சு, சி லாங்வேஜில் நானே எழுதிய என்க்ரிப்ஷன் அது. "முடிஞ்சா உடைச்சுப் பாரு" என்று சவால் விட்டு ஃபைலைக் கொடுத்துப் பத்து நிமிஷம்கூட ஆகவில்லை. அவன் எந்த ஹேக்கிங் சாஃப்ட்வேரும் போடவில்லை. ஃபைலைத் திறந்தான்... படித்தான்... அவ்வளவுதான்!

எப்படி? சொந்தமா பூட்டு செய்யக் கிளம்பும் அத்தனை சி புலிகளுக்கும் இந்தக் கதை சமர்ப்பணம்.

பதினோரு பேரின் ரகசியம்

நான் இன்ஜினீயரிங் மூணாவது வருஷம். கிளாஸ் ரெப் வேற. எங்க கிளாஸில் ஒரு பழக்கம் உண்டு. யாராவது எக்ஸாம் ஃபீஸ் கட்ட முடியாமல் தவித்தால், அம்பது, நூறுன்னு எல்லாரும் போட்டு, சத்தமில்லாமல் கட்டிடுவோம். யாருக்குக் கட்டினோம் என்பது எனக்கு மட்டும்தான் தெரியும். அந்தக் கணக்கு ஒரு ஃபைலில் இருந்தது. பதினோரு பேர், அவங்கவங்க பேருக்கு நேராகத் தொகை.

சிக்கல் என்னன்னா, லேபில் ஒரே சிஸ்டத்தை நாலு பேர் ஷேர் பண்றோம். லாகின் ஒண்ணே ஒண்ணுதான். யாராவது விளையாட்டாத் திறந்துட்டா பதினோரு பேரும் கிளாஸில் தலை நிமிர முடியாது. அந்த நேரம் பார்த்து மினி புராஜெக்ட்டுக்கும் டாபிக் தேடிட்டு இருந்தேன். 'டெக்ஸ்ட் எடிட்டருக்கே ஒரு பூட்டு மாட்டினா என்ன?' என்று பொறி தட்டியது. ஒரே கல்லில் ரெண்டு மாங்கா!

ஆயிரம் வரி எடிட்டர்

எடிட்டரை ஆரம்பத்திலிருந்து எழுத வேண்டியதில்லை. 'ரெடிஸ்' டேட்டாபேஸை உருவாக்கிய இத்தாலிக்காரர் சால்வடோர் சான்ஃபிலிப்போ, 2016-ல் 'கிலோ' என்று ஒரு குட்டி எடிட்டரை வெளியிட்டார். எல்லாமே ஒரே சி ஃபைலில்! கோடு ஆயிரம் வரிக்கும் குறைவு. சி கத்துக்கறவங்க ஒரு வீக் எண்டில் படிச்சு முடிச்சிடலாம்.

படிச்சுப் பார்த்ததும் ஒரு விஷயம் புரிந்தது. எடிட்டருக்கு வாசல் ரெண்டே ரெண்டுதான். ஃபைலைத் திறக்கும் ஃபங்ஷன் ஒண்ணு, சேவ் பண்ணும் ஃபங்ஷன் ஒண்ணு. நாம் டைப் பண்ணுவதெல்லாம் மெமரியில் வரி வரியாகக் கிடக்கும். சேவ் கொடுத்தால் எல்லா வரியையும் ஒட்டி, ஒரே நீள பஃபராக்கி டிஸ்க்கில் எழுதும். அந்த பஃபர் டிஸ்க்குக்குப் போகும் வழியில் புகுந்து உருமாத்திட்டா என்க்ரிப்ஷன். டிஸ்க்கிலிருந்து வரும்போது திருப்பி மாத்தினால் டிகிரிப்ஷன். 'பூ... இவ்வளவுதானா!' என்று நினைத்தேன். அங்கதான் விழுந்தேன்.

ரவுண்ட் 1: எக்ஸார் மாயாவி

நான் எடுத்த ஆயுதம், நம்ம எல்லாருக்கும் தெரிந்த எக்ஸார். ஒரு எழுத்தைப் பாஸ்வேர்டின் ஒரு எழுத்தோடு எக்ஸார் பண்ணினால் குப்பையாகும். அதே எழுத்தோடு மறுபடி எக்ஸார் பண்ணினால் பழையபடி வந்து நிற்கும். பாஸ்வேர்டு தீர்ந்து போனால் முதல் எழுத்திலிருந்து ரிப்பீட்டு. ஒரே ஒரு ஃபார் லூப்! ஃபைலைத் திறந்தால் ஸ்க்ரீன் பூரா கிறுக்கல். காலரைத் தூக்கிவிட்டுக்கிட்டேன். அந்தத் திமிரில் நிஜ லிஸ்ட்டையே நண்பனிடம் கொடுத்தேன் பாருங்க... அது மகா மடத்தனம்.

அவன் செய்தது இதுதான். கிறுக்கலுக்கு நடுவே 'மதுரைமதுரைமதுரை' என்று பெரிய இங்கிலீஷ் எழுத்தில் திரும்பத் திரும்ப ஓடிக்கொண்டிருந்தது. நான் கொடுத்த பாஸ்வேர்டு சின்ன எழுத்து 'மதுரை'.

காரணம், ஸ்பேஸ்! கணக்கு நேராகத் தெரியணும்னு பேருக்கும் தொகைக்கும் நடுவே ஸ்பேஸ் பாரைத் தட்டித் தட்டி இடம் விட்டிருந்தேன். ஆஸ்கியில் ஸ்பேஸின் எண் 32. சின்ன எழுத்துக்கும் பெரிய எழுத்துக்கும் உள்ள வித்தியாசமும் அதே 32. சின்ன 'எம்' 109, பெரிய 'எம்' 77. ஆக, ஸ்பேஸோடு எக்ஸார் ஆன பாஸ்வேர்டு, சட்டையை மட்டும் மாத்திக்கிட்டு பெரிய எழுத்தாக வெளியே வந்து நின்றுவிட்டது. பூட்டைப் போட்டுவிட்டு, சாவியை அதே கதவில் தொங்கவிட்ட கதை!

'தமிழ்ல டைப் பண்ணியிருந்தா தப்பிச்சிருப்பேனோ?' என்று கேட்டேன். அதுவும் இல்லையாம். யூடிஎஃப்-8 முறையில் தமிழ் எழுத்தின் ஒவ்வொரு குறியீடும் மூணு பைட். முதல் பைட் எப்பவும் 224. ரெண்டாவது 174 அல்லது 175. மூணில் ரெண்டு பங்கு, உடைக்கறவனுக்கு முன்கூட்டியே தெரிந்த மாதிரி.

அடுத்து இன்னொரு குண்டு போட்டான். "பாஸ்வேர்டே தெரியாமகூட உன் கணக்கை மாத்தலாம்டா. 500-ங்கற இடத்துல அந்த அஞ்சு இருக்கற பைட்டை 12-ஆல எக்ஸார் பண்ணினா, நீ திறக்கும்போது 900-னு தெரியும். உனக்குச் சந்தேகமே வராது."

கடைசியாகச் சிரிச்சுக்கிட்டே சொன்னான். "ஆமா... ஏழாவது வரில என் பேரு இருக்கே."

எனக்குச் சிரிப்பு வரவில்லை. அவன் பேர் இருப்பது எனக்கு முன்னாடியே தெரியும். மீதிப் பத்துப் பேரை அவன் படிச்சிட்டான் என்பதுதான் உறைத்தது. "யார்கிட்டயும் சொல்ல மாட்டேன்" என்றான். சொல்லவும் இல்லை. ஆனா, அது அவனோட நல்ல மனசு. என் பூட்டோட பலம் இல்லை.

சறுக்கியது நான் மட்டுமா?

கொஞ்சம் தேடிப் பார்த்ததில் ஒரு ஆறுதல் கிடைத்தது. யூனிக்ஸில் 'கிரிப்ட்' என்று ஒரு கமாண்ட் இருந்தது. இரண்டாம் உலகப் போரில் ஜெர்மனி பயன்படுத்திய எனிக்மா மெஷின் பாணியில் சுழலும் ஒற்றைச் சக்கரத்தை சாஃப்ட்வேராக்கியது அது. ரீட்ஸ், வைன்பெர்கர் என்ற இருவர், அதை எப்படி உடைப்பது என்று 1984-ல் பெல் லேப்ஸ் ஜர்னலில் கட்டுரையே எழுதினார்கள்.

நம்ம 'விம்' எடிட்டரும் விதிவிலக்கல்ல. 2010-ல் வந்த 7.3 வெர்ஷனில், ப்ரூஸ் ஷ்னையர் 1993-ல் உருவாக்கிய 'ப்ளோஃபிஷ்' முறையைச் சேர்த்தார்கள். அதில் மாட்டிய விதத்தில் ஒரு பிழை. முதல் 64 பைட்டுக்கு, எட்டு எட்டு பைட்டாக ஒரே மறைப்பு திரும்பத் திரும்ப விழுந்தது. என் 'மதுரைமதுரை'க்கு ஒண்ணுவிட்ட அண்ணன்! 2014-ல் 'ப்ளோஃபிஷ்-2' என்று திருத்தினார்கள். அப்புறம் 2021-ல் 'லிப்சோடியம்' என்ற லைப்ரரியின் துணையோடு இன்னொரு முறையும் சேர்ந்தது. 'நியோவிம்' குழு இன்னும் ஒரு படி மேலே போய், இந்த வசதியையே தூக்கிவிட்டது.

பூட்டு நல்ல பூட்டாக இருந்தால் மட்டும் போதாது பாஸ், மாட்டுகிற ஸ்க்ரூவும் சரியா இருக்கணும்!

ரவுண்ட் 2: உப்பு போடு!

சொந்தச் சரக்கை மூட்டை கட்டிவிட்டு, நானும் லிப்சோடியத்திடம் சரணடைந்தேன். அதன் உள்வேலை ஓப்பனாக எல்லாரும் படிக்கும்படி இருக்கிறதே, ஆபத்தில்லையா? இல்லை. 'சாவியைத் தவிர எல்லாமே எதிரிக்குத் தெரிந்தாலும் பூட்டு நிற்கணும்' என்று 1883-லேயே கெர்க்காஃப்ஸ் எழுதிவிட்டார்.

இப்போ சேவ் கொடுத்தால் நடப்பது இது. முதலில் பாஸ்வேர்டோடு 16 பைட் 'சால்ட்', அதாவது எழுந்தமானமாக எடுத்த உப்பு சேரும். ரெண்டும் 'ஆர்கான்-2' என்ற உரலில் விழும். 2015-ல் நடந்த பாஸ்வேர்டு ஹேஷிங் போட்டியில் ஜெயித்த உரல் இது. வேணும்னே மெதுவா ஆட்டும், மெமரியையும் நிறையச் சாப்பிடும். நான் வைத்த அளவுக்கு 64 எம்.பி. நமக்கு அது கண் சிமிட்டும் நேரம். ஆனா, கோடிக்கணக்கான பாஸ்வேர்டுகளைப் போட்டுப் பார்க்க நினைக்கறவனுக்குத் தாவு தீர்ந்துடும். அரைத்து வருவது 32 பைட் சாவி.

அடுத்து 'நான்ஸ்'. ஒவ்வொரு சேவுக்கும் புதுசா எடுக்கும் 24 பைட். ஒரே ஃபைலை ரெண்டு தடவை சேவ் பண்ணினாலும் ரெண்டும் ரெண்டு விதமான கிறுக்கலாக இருக்கும். கடைசியாக 16 பைட் முத்திரை. ஒரே ஒரு பைட்டை யாராவது சீண்டியிருந்தாலும் ஃபைல் திறக்காது. 500, 900 ஆகிற கதையெல்லாம் இனி நடக்காது. அடையாளத்துக்கு 4 பைட் சேர்த்து, மொத்தம் 60 பைட்தான் எக்ஸ்ட்ரா.

நடுவில் சி தன் வேலையைக் காட்டாமல் இல்லை. நீளம் பார்க்க வழக்கம்போல 'ஸ்டர்லென்' போட்டேன். என்க்ரிப்ட் ஆன டேட்டாவில் பூஜ்ய பைட் எங்கே வேணும்னாலும் வரும். ஸ்டர்லென் அதைப் பார்த்ததும் 'கதை முடிஞ்சுது' என்று நின்றுவிடும். பாதி ஃபைல் காலி! நல்லவேளை, அது டெஸ்ட் ஃபைல். நீளத்தைத் தனி வேரியபிளில் தூக்கிக்கிட்டுத் திரியணும் என்று புத்தி வந்தது. கிலோ, பழைய ஃபைல் மேலேயே எழுதும். நடுவில் கரன்ட் போனால் பழசும் போச்சு, புதுசும் போச்சு. அதனால் தற்காலிக ஃபைலில் முழுசா எழுதி, அப்புறம் பேரை மாத்தினேன். அந்தத் தற்காலிக ஃபைலும் என்க்ரிப்ட் ஆனதாகத்தான் இருக்கணும். மெமரியில் கிடக்கும் பாஸ்வேர்டை 'மெம்செட்' போட்டு அழித்தால், 'இதை யாரும் அப்புறம் படிக்கலையே' என்று கம்பைலர் அந்த வரியையே தூக்கிடலாம். அதுக்கென்றே லிப்சோடியத்தில் தனி ஃபங்ஷன் இருக்கு.

திரும்ப நண்பனிடம் நீட்டினேன். மறுநாள் வந்தான். "பூட்டு சூப்பர்டா. தொடவே முடியல."

நான் காலரைத் தூக்கும் முன்னாடியே, "ஆனா லிஸ்ட் கிடைச்சிடுச்சு" என்றான்!

பின் வாசல்

நம்ம லாகினில் பழைய ஃபைல்களைத் துழாவியிருக்கிறான். இந்த லிஸ்ட்டை நான் முதன்முதலில் டைப் பண்ணியது வேறொரு எடிட்டரில். பேருக்குப் பின்னால் ஒரு அலைக்குறி போட்டு அது ஒரு பேக்கப்பைச் சேமித்து வைத்திருந்தது. பதினோரு பேரும் பச்சையாக! முன் வாசலுக்கு இரும்புக் கதவு, கொல்லைப்புறம் திறந்த வீடு.

அதையும் அழித்தேன். "பாஸ்வேர்டை மறந்துட்டா என்ன பண்ணுவே?" என்று அடுத்த கேள்வி. 'ஃபர்காட் பாஸ்வேர்டு' பட்டன் எல்லாம் இங்கே கிடையாது. மறந்தால் எனக்கும் அது கிறுக்கல்தான்.

கொஞ்ச நேரம் சும்மா இருந்தவன், மெதுவாகக் கேட்டான். "காசைத் திருப்பிக் கேக்கப் போறதில்லைன்னுதானே சொன்னே... அப்புறம் எதுக்குடா பேரெல்லாம் எழுதி வெச்சிருக்கே?"

பதில் சொல்லத் தெரியவில்லை. கணக்குக்குத் தேவை, எவ்வளவு வந்தது, எவ்வளவு போச்சு. அவ்வளவுதான். அன்னைக்கே பேரையெல்லாம் எடுத்துட்டேன். இப்போ அந்த ஃபைலில் தேதியும் தொகையும் மட்டும்தான்.

மினி புராஜெக்ட் வைவாவில், "என்க்ரிப்ஷன்ல நீ கத்துக்கிட்டது என்ன?" என்று மேடம் கேட்டாங்க. உப்பு, உரல், முத்திரை எல்லாம் ஒப்பித்தேன். கடைசியில், "எழுதாத ரகசியத்துக்குப் பூட்டே வேண்டாம் மேடம்" என்றேன். சிரிச்சுக்கிட்டே மார்க் போட்டாங்க!

நீங்களும் சோதிக்கலாம்!

* ஒரே ஃபைலை ரெண்டு தடவை என்க்ரிப்ட் பண்ணுங்க. ரெண்டும் ஒரே மாதிரி இருந்தால், பூட்டில் ஓட்டை.

* நடுவில் ஒரு பைட்டை மட்டும் மாத்திட்டுத் திறந்து பாருங்க. முணுமுணுக்காமல் திறந்தால், முத்திரை இல்லை.

* வெறும் ஸ்பேஸாக நிரப்பிய ஃபைலை என்க்ரிப்ட் பண்ணுங்க. ஏதாவது ஒரு பேட்டர்ன் திரும்பத் திரும்பக் கண்ணில் பட்டால், உடனே ஓடிடுங்க.

* ஃபைலில் இருக்கும் ஒரு அபூர்வமான வார்த்தையை வைத்து 'கிரெப்' கமாண்டால் உங்க ஃபோல்டர் முழுக்கத் தேடுங்க. எங்கேயாவது சிக்கினால், கொல்லைக் கதவு திறந்திருக்கு!

* கடைசியாக, சோதனைக்கு நிஜ ரகசியத்தைக் கொடுக்காதீங்க. என்னை மாதிரி எல்லாருக்கும் நல்ல நண்பன் அமைவான்னு சொல்ல முடியாது!