கறள் கட்டிய திருகாணி



தலைமன்னார் இறங்குதுறையின் பழைய இரும்பை நம்மிற் பலர் கண்டிருப்போம். 1914ஆம் ஆண்டில் தனுஷ்கோடிக்கும் தலைமன்னாருக்கும் இடையே தொடங்கிய கப்பற் சேவை வந்து ஒதுங்கிய துறை அது. அதே ஆண்டு பெப்ரவரி 24ஆம் நாள் எதிர்க்கரையிலே பாம்பன் பாலம் திறக்கப்பட்டது. நூறாண்டுக்கு மேலாகத் துருவோடு போராடிய அப்பாலத்தில் 2022 டிசம்பரில் புகைவண்டி நிறுத்தப்பட்டது. 2025 ஏப்ரல் 6ஆம் நாள் அதன் அருகே புதிய பாலம் திறக்கப்பட்டது. பொறியியலாளர் பலர் காவல் காத்த இரும்புக்கே இக்கடற்பரப்பில் இந்த நிலை என்றால், நம் வீட்டு மூலையிற் கிடக்கும் சிறு இயந்திரத்தின் திருகாணிக்கு என்ன நேரும் என்று சொல்லவும் வேண்டுமா? அந்தச் சிறு திருகாணியைப் பற்றித்தான் இன்று பேச வந்தேன்.

மன்னார்க் கரையூர் ஒன்றில் என் சின்னம்மாவிடம் ஒரு தையல் இயந்திரம் இருந்தது. 1990ஆம் ஆண்டின் இடப்பெயர்விலே வீட்டோடு அதனையும் விட்டுச் சென்றவர், போர் முடிந்தபின் திரும்பி வந்து பார்த்தபோது கூரை இல்லை, இயந்திரம் இருந்தது. சட்டை தைத்துப் பிழைத்தவருக்கு அது பழம்பொருள் அன்று, தொழில். ஊசித் தகட்டைக் கழற்றினால்தான் உள்ளே எண்ணெய் விடலாம். அயலிலிருந்த தம்பி ஒருவன் உதவும் எண்ணத்தோடு கைக்குக் கிடைத்த திருப்புளியை வைத்து முழுப் பலத்தோடு திருக, திருகாணி அசையவில்லை. அதன் தலையிலிருந்த காடிதான் பிய்ந்தது. பழைய தையல் இயந்திரங்கள் பலவற்றின் புரிகள் தனி அளவின. கடையில் வாங்கும் திருகாணி அவற்றிற் பொருந்தாது. ஆகவே கெட்டது ஒரு ஆணியின் தலைதானே என்று தள்ளிவிட இயலாது.

அந்தத் தம்பி செய்த பிழை யாது? திருகாணி இறுகியிருக்கிறது என்று அவன் எண்ணினான். உண்மையில் அது இறுகவில்லை, உள்ளே வீங்கியிருந்தது. இரும்பு, நீர், காற்றிலுள்ள பிராணவாயு ஆகிய மூன்றும் சேர்ந்து பிறப்பதே துரு. நம்மூரார் அதனைக் கறள் என்பர். தான் தின்ற இரும்பைவிடப் பன்மடங்கு இடத்தை அது பிடித்துக்கொள்ளும். புரிக்கும் புரிக்கும் நடுவே மயிரிழை இடைவெளிதான் உண்டு. அங்கே துரு பருத்தால் ஆப்பு அறைந்தது போலாகிவிடுகிறது. மன்னாரோ வறண்ட நிலம். மழை குறைந்த இவ்விடத்தில் ஈரம் எங்கிருந்து வந்தது என்று கேட்கலாம். சோளகமும் வாடையும் மாறி மாறி வீசும் தீவிலே காற்று உப்பைச் சுமந்து வருகிறது. காற்றின் ஈரப்பதன் நூற்றுக்கு 75 அளவை எட்டினால் சாதாரண உப்பு தானே நீரை இழுத்துக் கரைந்துவிடும். கடலுப்பிற் கலந்துள்ள மக்னீசிய உப்புக்கு அதைவிட மிகக் குறைந்த ஈரமே போதும். எனவே கூரையின் கீழ் நனையாதிருந்த இயந்திரமும் இரவெல்லாம் நனைந்தே இருந்தது எனலாம்.

காரணம் இதுவாயின், பலத்தைக் காட்டுமுன் வீக்கத்தை உடைத்தாக வேண்டும். முதலிலே ஒரு தையல் ஊசியால் காடிக்குள் இருக்கும் துருவையும் பழைய வண்ணத்தையும் சுரண்டி எடுக்கவேண்டும். அற்பமான வேலையாகத் தோன்றும் இதனை விட்டுவிடுவதாலேயே பாதித் திருகாணிகள் கெடுகின்றன. திருப்புளியின் நுனி காடியின் முழு நீளத்தையும் நிரப்பி அடிவரை இறங்கவேண்டும். நுனி மழுங்கியிருந்தால் அரத்தால் ராவிக்கொள்க. பின்னர் எண்ணெய். தேங்காயெண்ணெய் வேண்டா, அது நாளடைவிற் பிசினாகிவிடும். துரு நெகிழ்க்கவென்றே விற்கும் மெல்லிய எண்ணெய் கிடைத்தால் நன்று. இல்லையேல் மண்ணெண்ணெயோடு சிறிது இயந்திர எண்ணெய் கலந்து இரண்டொரு துளி விட்டு, ஓர் இரவு பொறுக்கவேண்டும். பாயும் தன்மையுள்ள எண்ணெய் மயிரிழை வழியாகத் தானே உள்ளே ஏறும். திருப்புளியைக் காடியில் நிறுத்திச் சிறு சுத்தியலால் மெல்ல மெல்லத் தட்டுவது அதற்கு வழி திறக்கும்; அதிர்ச்சியிலே துரு வெடிக்கிறது. அதன்பின் கழற்றும் பக்கமாக அன்று, முதலில் இறுக்கும் பக்கமாக மயிரளவு திருப்பிப் பார்க்கவேண்டும். அசைந்தால் முன்னும் பின்னுமாக, எண்ணெய் விட்டு விட்டு, வெளியே கொணரலாம். எந்தப் பக்கம் கழலும் என்பதையும் முன்பே அறிந்துகொள்வது நல்லது. சைக்கிளின் இடப்பக்கப் பெடல் மறுபுரி உடையது. அதை அறியாமல் இறுக்கி இறுக்கியே களைத்தவர்களை நான் கண்டிருக்கிறேன்.

மீனவ நேயர்களுக்கு இங்கே ஒரு சொல். படகின் பின்புறம் பூட்டும் எஞ்சின்களின் உறை அலுமினியம்; திருகாணியோ துருவேறா உருக்கு. உப்புநீர் நடுவே நின்றால் இவ்விரு உலோகமும் ஒரு மின்கலம் போலாகி, அலுமினியம் அரிந்து வெள்ளைப் பொடியாகிப் புரியை அடைத்துவிடும். இதற்கு வெப்பம் கைகொடுக்கும். வெப்பம் ஒரு பாகை சென்டிகிரேட் ஏறினால் இரும்பு தன் நீளத்தின் பத்து இலட்சத்தில் ஏறத்தாழ 12 பங்கு விரியும். அலுமினியமோ 23 பங்கு விரியும். ஆகையால் ஆணியை அன்று, உறையைச் சூடாக்கினால் துளை அகன்று பிடி தளரும். பெற்றோல் புழங்கும் இடத்தில் நெருப்பைக் கொண்டுசெல்லவே கூடாது. கொதிநீரில் நனைத்த துணியைச் சுற்றுவது போதும்.

பிறிதொன்று. ஜப்பானில் செய்த பொறிகளின் தலையிலுள்ள சிலுவைக் காடி, 1936ஆம் ஆண்டில் அமெரிக்கரான ஹென்றி பிலிப்ஸ் உரிமை பெற்ற காடியைப் போலத் தோன்றினும் அதுவே அன்று. பிலிப்ஸ் திருப்புளி அதன் அடிவரை இறங்காது. வழுக்கித் தலையை உருட்டிவிடும். ஜப்பானிய முறைத் திருகாணிகள் பலவற்றின் தலையிலே அடையாளமாக ஒரு சிறு புள்ளி இருக்கும். 1978இல் ஜப்பானில் தோன்றிய ‘ஸ்பேஸ் இன்வேடர்ஸ்’ முதலான, காசு போட்டு ஆடும் விளையாட்டுப் பெட்டிகளைச் சேர்த்து வைத்துப் பழுது பார்ப்போரும், அவற்றின் கைப்பிடிகளைக் கழற்றுகையில் இதே சங்கடத்தைத்தான் அனுபவிக்கிறார்கள்.

தலை ஏற்கெனவே கெட்டுவிட்டதாயின்? சைக்கிள் டியூபின் மெல்லிய ரப்பர்த் துண்டொன்றை இடையில் வைத்து அழுத்தித் திருகினால், சிறிதளவு கெட்ட தலை சில வேளை பிடி கொடுக்கும். தலை வெளியே நின்றால் இரும்பறுக்கும் வாளால் புதுக் காடி வெட்டலாம். அல்லது பூட்டும் குறட்டாற் கவ்வித் திருப்பலாம். உள்ளே புதைந்திருந்தால் தலையைத் துளைத்தெடுத்துவிட்டு, தகட்டைக் கழற்றிய பின் எஞ்சிய தண்டைப் பிடிப்பது ஒரு வழி. மறுபுரி கொண்ட பிடுங்கியும் கடைகளில் உண்டு; ஆனால் அது கடினமான உருக்கு. உள்ளே முறிந்தால் சாதாரணத் துளையூசி அதில் ஏறாது. கை பழகாதவர்க்கு அதனை நான் சொல்லமாட்டேன்.

மீண்டும் பூட்டும்போது புரியிலே சிறிது கிரீஸ் தடவுக. எஞ்சினில் தொங்கும் துத்தநாகத் துண்டு அலுமினியத்துக்குப் பதிலாகத் தான் கரைவதற்கென்றே வைக்கப்பட்டது. கப்பலின் செப்புத் தகட்டைக் காக்க இவ்வித்தையை ஹம்பிரி டேவி என்ற ஆங்கில விஞ்ஞானி 1824ஆம் ஆண்டிலேயே சொன்னார். அழகுக்காக அத்துண்டின்மேல் வண்ணம் பூசிவிடுபவர்கள் உண்டு. பூசினால் அது கரையாது, எஞ்சின்தான் கரையும்.

சின்னம்மாவின் இயந்திரத்துக்கு இரண்டு இரவு எண்ணெய் விட்டோம். பிய்ந்த காடியை மெல்லிய அரத்தால் ஆழமாக்கி, பற்றாசு வைக்கும் சூட்டுக்கோலை அதன் தலையில் இரண்டு நிமிடம் நிறுத்தி, ஆறவிட்டு மறுபடி எண்ணெய் விட்டோம். மூன்றாம் நாட் காலையிலே ஒரு கிறீச்சென்ற ஓசையோடு அது திரும்பிற்று. மற்றவையும் ஒவ்வொன்றாக வந்தன. பின்மூடியில் ஒன்று மட்டும் இறுதிவரை அசையவில்லை; அதைக் கழற்றவேண்டிய தேவையும் இல்லாமையால், அப்படியே விட்டுவிட்டுத் தைக்கத் தொடங்கினார்.