கூட்டம் கூடினால் பறக்கும்... பச்சைப்பயறு டப்பாவுக்குள் என்ன நடக்கிறது?

மறந்துபோன பச்சைப்பயறு டப்பாவைத் திறந்தால், பயறு முழுக்கப் பொட்டுப் பொட்டாக ஓட்டை. அடியில் மாவு. நாலைந்து பழுப்பு வண்டுகள் மெதுவாக ஊர்ந்துகொண்டிருக்கும். அதையே இன்னும் இரண்டு மாதம் கவனிக்காமல் விட்டுத் திறந்தால், சில வண்டுகள் சட்டென்று முகத்துக்கு நேராகப் பறந்து வரும். ‘இது வேறு பூச்சி போலிருக்கிறது’ என்று தோன்றும். இல்லை, இரண்டும் ஒரே பயறு வண்டுதான். கூட்டம் அதிகமானதால் அதன் உடம்பே மாறிவிட்டது!

ஒரு பயறுதான் மொத்தச் சாப்பாடு

பெண் வண்டு பயறின் தோல்மேல் முட்டையை ஒட்டிவைக்கும். வெள்ளைப் புள்ளிபோல் தெரிவது அதுதான். முட்டைக்குள் இருக்கும் புழு, அடிப்பக்கமாகவே பயறைத் துளைத்து உள்ளே போய்விடும். வண்டாகும்வரை வெளியே வராது. வேறு பயறுக்கும் மாறாது. நம் ஊர் வெப்பத்தில் இதற்குச் சுமார் 4 வாரம் ஆகும்.

வெளியே வந்த வண்டுக்குச் சாப்பாடு தேவையில்லை. புழுவாக இருந்தபோது சேர்த்த சத்தை வைத்தே ஒன்றிரண்டு வாரம் வாழ்ந்து, முட்டையிட்டு, செத்துவிடும். ஒரே பயறுக்குள் பல புழுக்கள் பங்குபோட்டால், வெளிவரும் வண்டுகள் சின்னதாக இருக்கும். சின்ன பெண் வண்டு இடும் முட்டைகளும் குறைவு.

பறக்க ஓர் உடம்பு, பெருக ஓர் உடம்பு

ஜப்பானின் பூச்சியியல் அறிஞர் ஷுன்ரோ உச்சிடா, 1950-களில் இந்த வண்டில் இரண்டு வகை இருப்பதை விளக்கினார். இடம் தாராளமாக இருக்கும்போது வருவது சாதாரண வகை. இது பெரும்பாலும் பறக்காது. வெளிவந்ததும் இணைசேர்ந்து, அங்கேயே முட்டையிடத் தொடங்கிவிடும்.

புழுக்கள் நெருக்கியடித்து வளர்ந்தால் பறக்கும் வகை அதிகமாக வரும். நூற்றுக்கணக்கான புழுக்கள் மூச்சுவிடுவதால் பயறுக் குவியலே சூடாகி, ஈரம் கூடும். அந்தச் சூடும் நெரிசலும்தான், ‘இங்கே இனி இடமில்லை’ என்று வளரும் உடம்புக்குச் சொல்லும் சேதி. இந்த வண்டின் உடம்பில் கொழுப்பு அதிகம், ஆயுளும் கூடுதல். ஆனால், வெளிவரும்போது முட்டைகள் முதிர்ந்திருக்காது. முதலில் பயணம், பிறகுதான் குடும்பம்!

திருநெல்வேலி வண்டின் குணமே தனி

1979-ல் திருநெல்வேலியில் பச்சைப்பயறிலும் உளுந்திலும் பிடித்த வண்டுகள் அமெரிக்க ஆய்வுக்கூடங்களுக்குப் போயின. அவற்றின் வம்சம் பல ஆண்டுகள் ஆராயப்பட்டது. இந்த வண்டின் புழுக்கள் பங்குபோட்டுக்கொள்வதில்லை. ஒரு பயறில் எத்தனை புழு நுழைந்தாலும், பெரும்பாலும் ஒன்றுதான் உயிரோடு வெளியே வரும். தாய் வண்டும், ஏற்கெனவே முட்டை இருக்கும் பயறைத் தவிர்த்து வெறும் பயறையே தேடும்.

மேற்கு ஆப்பிரிக்காவில் பிடித்த அதே இன வண்டுகளோ, ஒரே பயறுக்குள் பல புழுக்களாகச் சேர்ந்து வளரும். பெரிய காராமணியில் பலருக்குச் சாப்பாடு கிடைக்கும். சின்ன பச்சைப்பயறில் பங்குபோட்டால் யாருக்கும் போதாது. தலைமுறை தலைமுறையாகக் கிடைத்த பயறின் அளவே குணத்தை மாற்றிவிட்டது.

மாவிலும் இதே கதை

1928-ல் ராயல் சாப்மன் என்ற அமெரிக்க விஞ்ஞானி, மாவு வண்டுகளை அளந்துவைத்த மாவில் வளர்த்தார். தொடக்கத்தில் எத்தனை வண்டுகளை விட்டாலும், கடைசியில் ஒரு கிராம் மாவுக்குச் சுமார் 44 என்ற அளவில் எண்ணிக்கை நின்றது. நெரிசல் கூடினால் இவை தங்கள் முட்டைகளையே தின்னும். கூடவே குயினோன் என்ற ரசாயனத்தையும் கக்கும். பழைய மைதாவில் வரும் காட்டமான வாடைக்கும், மாவின் நிறம் மாறுவதற்கும் இதுதான் காரணம்.

கோதுமையைத் தாக்கும் காப்ரா வண்டு இன்னும் பிடிவாதமானது. கூட்டமும் கழிவும் சேர்ந்தால் இதன் புழு, வளர்ச்சியையே நிறுத்திவைத்து, கிடங்கின் இடுக்குகளில் ஆண்டுக்கணக்கில் பதுங்கியிருக்கும்.

வீட்டில் என்ன செய்யலாம்?

* பறக்கும் வண்டைப் பார்த்தால், அந்த டப்பாவில் கூட்டம் முற்றிவிட்டது என்று அர்த்தம். பக்கத்து டப்பாக்களையும் உடனே பாருங்கள்.

* சலித்தால் வண்டு மட்டும்தான் போகும். முட்டையும் புழுவும் பயறிலேயே இருக்கும். சிறிய அளவென்றால், வாங்கியதும் ஃப்ரீசரில் ஒரு வாரம் வைத்தால் எல்லாப் பருவமும் சாகும்.

* விதைக்கோ சமையலுக்கோ முழுப்பயறு சேமிப்பவர்கள், கிலோவுக்கு 5 மில்லி எண்ணெய் பிசறிவைக்கலாம். எண்ணெய்ப் படலம் முட்டைக்குக் காற்று கிடைக்காமல் செய்யும்.

* நன்றாகக் காயவைத்து, காற்றுப் புகாத பாத்திரத்தில் விளிம்புவரை நிரப்பி மூடுங்கள். உள்ளே இருக்கும் பூச்சிகளே மிச்சமுள்ள ஆக்சிஜனைத் தீர்த்துவிட்டு முடங்கிவிடும். ஆப்பிரிக்க விவசாயிகள் காராமணியைக் காப்பாற்றும் மூன்றடுக்குப் பைகளும் இந்த முறையில்தான் வேலை செய்கின்றன.

* துவரை, உளுந்தை உடைத்துப் பருப்பாக்கி வைத்தால் இந்த வண்டின் தொல்லை குறையும். முட்டையிட இதற்கு முழுப்பயறுதான் தோது.

பழைய பயறு தீர்வதற்குள் புதியதை அதன்மேல் கொட்டாதீர்கள். அப்படிக் கொட்டினால், இடமில்லாமல் தவிக்கும் வண்டுக்கு நாமே புது வீடு கட்டிக்கொடுத்ததாகிவிடும்.